அக்கா கடைக்கு ஒரு டிக்கெட்

மெம்பிஸ்
நவம்பர் 9, 2025

தம்பி ஆர்லிஸ்,

போன் எடுக்க மாட்டேங்கற. சரி, மூணு வருஷமா எடுக்காதவன் இன்னைக்கு எடுப்பேன்னு நானும் எதிர்பாக்கல. நீ சமையல் பாக்கற படகுக் கம்பெனி ஆபீஸ்ல விசாரிச்சேன். படூகா விலாசத்துக்கு எழுதிப் போட்டா, மளிகை சாமான் ஏத்திட்டு வர்ற சின்னப் படகுல உன் கைக்கு வந்துடும்னு அந்தப் பொண்ணு சொல்லிச்சு. கிழிச்சு ஆத்துல போடறதா இருந்தா கடைசி வரைக்கும் படிச்சுட்டுப் போடு.

எந்தப் பத்திரத்துலயும் எனக்கு உன் கையெழுத்து வேண்டாம், பணமும் வேண்டாம். உன் ஞாபகம்தான் வேணும்.

ஏர்போர்ட்ல இருக்கற நம்ம சாண்ட்விச் கடை கையை விட்டுப் போயிடும் போல இருக்கு. அங்க சாப்பாட்டுக் கடைங்க எல்லாத்தையும் ஒரு பெரிய கம்பெனிதான் குத்தகைக்கு எடுத்து நடத்துது, அது உனக்குத் தெரியும். அதுல ஒரு பங்கை நம்மள மாதிரி பின்தங்கின சின்ன வியாபாரிங்களுக்குக் கொடுக்கப் பாக்கணும்னு அரசாங்க ரூல். நாம பின்தங்கினவங்கதான்னு ஒரு சர்டிபிகேட் உண்டு. அதைக் காட்டித்தான் நான் உள்ள போனேன். அப்போ சொத்து விவரம் கொடுத்து, கறுப்பு, பொம்பளைன்னு கட்டத்துல டிக் அடிச்சா, மத்ததை அவங்களே புரிஞ்சுக்குவாங்க.

இப்போ ரூலை மாத்திட்டாங்க. டிக் செல்லாது. சர்டிபிகேட் வெச்சிருக்கற எல்லாரும் திரும்ப முதல்ல இருந்து வரணுமாம். உனக்குன்னு வாழ்க்கைல என்ன தடை வந்துச்சு, அதனால என்ன இழந்தேன்னு உன் கையால ஒரு கதை மாதிரி எழுதித் தரணும். ஆனா கறுப்பா இருந்ததாலன்னு எழுதக்கூடாது. பொம்பளையா இருந்ததாலன்னும் எழுதக்கூடாது. நான் திரும்பத் திரும்பப் படிச்சுப் பாத்துட்டேன். மழைங்கற வார்த்தை வராம நனைஞ்ச கதையைச் சொல்லச் சொல்றாங்க. எனக்குத் தலையும் புரியல, காலும் புரியல.

வசந்தத்துல கடைங்களுக்குப் புது டெண்டர். கம்பெனிக்காரன் ட்ரெண்ட் மோஸ்பி நேத்து வந்து, சிரிச்ச முகத்தோட, "வெர்னெட்டா, உங்க பேப்பர் வரலன்னா நாங்க பேப்பர் இருக்கற வேற ஆளைத்தான் சேர்த்துக்கணும்"னு சொல்லிட்டுப் போனான். போர்டுல இருக்கற கோல்ஸ்டன்ங்கற நம்ம குடும்பப் பேரு, நான் நிக்கற கல்லா, என்கூட வேலை பாக்கற பிள்ளைங்க, எல்லாம் அந்தப் பேப்பர்ல தொங்குது.

நம்ம வீட்டுல நடந்தது தெரிஞ்சு இன்னும் உசிரோட இருக்கறது நீ ஒருத்தன்தான். எனக்கு என்னடா தடை வந்துச்சு? யோசிச்சு எழுது. குளிருக்கு அந்த மட்டமான ஜாக்கெட்டைப் போட்டுக்கிட்டுத் திரியாத.

உன் அக்கா,
வெர்னெட்டா


'மிஸ் கொரீன்' படகு, கேரோவுக்குக் கீழ
நவம்பர் 20

அக்கா,

கிழிக்கல.

கடுதாசி வந்தப்ப கையெழுத்துக்குத்தான் வந்திருக்கும்னு நினைச்சேன். ரெண்டு நாள் பிரிக்காமலே மாவு டப்பா மேல வெச்சிருந்தேன். பிரிச்சுப் படிச்சப்புறம் இன்னும் குழம்பிட்டேன். கஷ்டப்பட்டேன்னு நிரூபிக்கணும், ஆனா யாராலன்னு சொல்லக்கூடாது. இங்க கேப்டன் கிட்ட படிச்சுக் காட்டினேன். அவர் வெள்ளைக்காரர், நல்ல மனுஷன். தொப்பியைக் கழட்டித் தலையைச் சொறிஞ்சுட்டு, இன்னைக்கு மதியம் என்ன சாப்பாடுன்னு கேட்டாரு.

நான் ஏன் போனேன்னு நீ இன்னும் கேக்கல. கேக்காட்டியும் சொல்றேன். அப்பா ஆயில் டிரம்மை வெட்டிச் செஞ்ச புகை அடுப்பை வித்துட்டு ஏர்போர்ட்டுக்குப் போன. அங்க நெருப்பு மூட்டக்கூடாது. பலோனி இறைச்சியை எங்கயோ ஒரு பொதுச் சமையல் கூடத்துல புகை போட்டு, வண்டில அனுப்பி, செக்யூரிட்டில மோப்பம் பிடிக்க வெச்சு உள்ள கொண்டு போறீங்க. கத்தியைக் கூட இரும்புக் கயிறு போட்டு மேசையோட கட்டி வெச்சிருக்கியாம். நம்ம தெரு ஜனம் ஒருத்தர் வந்து சாப்பிட முடியுமா? விமான டிக்கெட் இருந்தாத்தான் உள்ள விடுவான். சொந்த அக்கா கடைல ஒரு பலோனி சாண்ட்விச் சாப்பிட நான் விமானம் ஏறணும். அந்தக் கடையை நான் இதுவரைக்கும் கண்ணால பாத்தது இல்ல.

சரி, ஞாபகம் கேட்டல்ல. பேங்க் மேனேஜர் விஷயத்தை எழுது. ரோடு போட்டப்ப கடை போனதை எழுது. அந்த ரெண்டும் போதாதா?

ஆர்லிஸ்

ஜாக்கெட் நல்லாத்தான் இருக்கு.


மெம்பிஸ்
நவம்பர் 30

தம்பி,

நீ எழுதினதே எனக்கு நன்றி சொல்ற பண்டிகை மாதிரி ஆயிடுச்சு. அடுப்பைப் பத்தி அப்புறம் சண்டை போடலாம், நான் எங்கயும் ஓடிப் போகல. அது அடில ஓட்டை விழுந்து ஒரு வருஷமா சும்மா கிடந்தது, அதை மட்டும் இப்பவே சொல்லிடறேன்.

நம்ம சர்ச்சுல டெனிஷா இருக்காளே, பீட்டர்சன் வீட்டுப் பொண்ணு, அவ வக்கீலுக்குப் படிச்சுட்டு வந்திருக்கா. இதெல்லாம் அவதான் பாத்துக் கொடுக்கறா. நீ சொன்ன ரெண்டையும் எழுதிக்கிட்டுப் போனேன். பேங்க்காரன் என் பேப்பரைத் தொடாமலே, "உன் புருஷனைக் கூட்டிட்டு வா"ன்னு சொன்னதை எழுதியிருந்தேன். டெனிஷா சிவப்புப் பேனாவால ஒரு கோடு போட்டா. இது பொம்பளைங்கறதால வந்தது, ஆன்ட்டி, செல்லாதுன்னா. சரி, ரோடு? ரோடு போட்டதை எழுதலாமாம். ஊருக்குள்ள அத்தனை தெரு இருக்க நம்ம தெருவை ஏன் இடிச்சாங்கன்னு எழுதக்கூடாதாம். அப்புறம் அது என்ன கஷ்டம்னு கேட்டேன். ரோடு யாருக்கு வேணும்னாலும் வரும்தானே? அவளும் பேனாவை வாய்ல வெச்சுக்கிட்டு யோசிச்சா. பாவம், அவளுக்கும் புரியல.

அதனால நானே உக்காந்து, எனக்குத் தெரிஞ்ச மாதிரி எழுதிட்டேன். கஷ்டத்தை நாலு பேர் முன்னால சொல்றது எனக்கு என்ன புதுசா? முப்பது வருஷமா சர்ச்சுல எந்திரிச்சு நின்னு சாட்சி சொல்லிட்டுத்தானே இருக்கேன். கடை இடிஞ்சது, தள்ளுவண்டில வித்தது, வண்டியைத் திருடிட்டுப் போனது, முதுகு பிடிச்சுக்கிட்டது எல்லாத்தையும் எழுதினேன். புதன்கிழமை கூட்டத்துல படிச்சும் காட்டினேன். சபை மொத்தமும் எந்திரிச்சு நின்னுடுச்சு. முன் வரிசைல இருந்த பியர்லீன் அம்மா ரெண்டு கையையும் தூக்கி அழுதாங்க. பாஸ்டர் இதை அடுத்த ஞாயிறு பிரசங்கத்துக்கு எடுத்துக்கறேன்னாரு.

அன்னைக்கே அனுப்பிட்டேன். டெனிஷா ஊர்ல இல்ல, அவ கிட்ட காட்டல. அவ ஒரு கோடு போட்டா நான் தாங்க மாட்டேன்.

வெர்னெட்டா


'மிஸ் கொரீன்'
டிசம்பர் 12

அக்கா,

சாட்சி சொன்னியா? கவர்மென்ட் ஆபீஸுக்கா?

ஒண்ணே ஒண்ணு கேக்கறேன். ஒவ்வொரு கஷ்டத்துக்கும் கடைசில கர்த்தர் வழி திறந்தாருன்னு எழுதினியா இல்லையா?

ஆர்லிஸ்


மெம்பிஸ்
ஜனவரி 11, 2026

ஆர்லிஸ்,

எழுதினேன். எழுதாம எப்படி விடறது? கடை இடிஞ்சது, கர்த்தர் தள்ளுவண்டி கொடுத்தாரு. வண்டி போச்சு, அதைவிடப் பெருசா ஒண்ணு கிடைச்சுது. முதுகு பிடிச்சுது, ஜெபத்துல நிமிந்துட்டேன். சாட்சின்னா அப்படித்தானே முடியணும்? குழியில இறங்கினதைச் சொல்லிட்டு ஏறினதைச் சொல்லாம உக்காந்தா சபை என்ன நினைக்கும்?

ஆபீஸ்ல இருந்து பதில் வந்திருக்கு. ரொம்ப மரியாதையா எழுதியிருக்காங்க. நான் கொடுத்த விவரப்படி, எனக்கு வந்த ஒவ்வொரு தடையையும் நான் ஜெயிச்சிருக்கேனாம். அதுல இருந்து பாத்தா எனக்கு நிலைச்ச நஷ்டம் எதுவும் இருக்கற மாதிரி தெரியலையாம். கூடுதல் விவரம் இருந்தா குறிச்ச தேதிக்குள்ள அனுப்பலாம், இல்லன்னா இருக்கறதை வெச்சு முடிவு பண்ணிடுவாங்களாம்.

கல்லாப்பெட்டி மேல சாஞ்சுக்கிட்டு படிச்சேன். எதிர்ல ஒருத்தர் சாண்ட்விச்சுக்குக் காசை நீட்டிக்கிட்டு நிக்கறாரு, எனக்கு வாங்கத் தோணல. எனக்குச் சிரிப்பும் வந்துச்சு, அழுகையும் வந்துச்சு. வாழ்நாள் முழுக்க நான் தோக்கலன்னு காட்டறதுக்காகவே எந்திரிச்சு நின்னேன். இப்போ தோத்தேன்னு காட்டுன்னா எங்க போய் எடுத்துட்டு வர்றது? எனக்கு என்னதான் போச்சு? நிஜமாவே தெரியலடா. சர்ச்சு ஜனங்க கேக்கறாங்க, பதில் வந்துச்சான்னு. இன்னும் வரலன்னு பொய் சொல்லிட்டேன், அதுவும் சர்ச்சு வாசல்லயே.

ட்ரெண்ட் இன்னைக்கும் வந்தான். பேப்பர் வராட்டியும் கவலைப்படாதீங்க, போர்டுல உங்க பேரும் உங்க பக்குவமும் அப்படியே இருக்கும், வருஷத்துக்கு ஒரு தொகை கொடுத்துடறோம், நீங்க வர வேண்டியது கூட இல்லன்னான். நல்லது பண்ற நினைப்புலதான் சொல்றான். நான் இல்லாத கடைல என் பேரு மட்டும் தொங்கணுமாம். நீ அன்னைக்குக் கத்திட்டுப் போனது இதைத்தான்னு இப்போ தெரியுது, ஆனா அதுக்காக நீ சொன்னது எல்லாம் சரின்னு ஆகிடாது.

எழுது. ஏதாவது எழுது.

வெர்னெட்டா


'மிஸ் கொரீன்', விக்ஸ்பர்க் பக்கம்
ஜனவரி 24

அக்கா,

இதை நாலு தடவை எழுதிக் கசக்கிப் போட்டுட்டேன். படகுல எல்லாரும் நான் யாரோ பொம்பளைக்கு எழுதறேன்னு கேலி பண்றாங்க.

உனக்கு என்ன போச்சுன்னு தெரியலங்கற. எனக்குத் தெரியும்.

அந்த நீலப் பெட்டி போச்சு. மூணு வருஷம் முன்னாடி நான் துணியைப் போட்டுக்கிட்டு வாசலைத் தாண்டினேனே, அதே பெட்டி. இப்பவும் என் படுக்கைக்குக் கீழதான் இருக்கு. பூட்டு ஒரு பக்கம்தான் பிடிக்கும். அதை எதுக்கு வாங்கினதுன்னு எனக்குத் தெரியாதுன்னு நீ இத்தனை வருஷமா நினைச்சுக்கிட்டு இருக்க. அக்கா, எனக்கு அப்போ ஆறு வயசு. ஆறு வயசுப் பிள்ளைக்கு எல்லாம் தெரியும்.

நீ அட்லாண்டா காலேஜுக்குப் போறதுக்கு அம்மா வாங்கினது அது. கணக்குல நீதான் முதல், பாதிச் செலவைக் காலேஜே ஏத்துக்கறதா எழுதியிருந்தாங்க. அம்மா அதைப் பாக்கற ஆளுகிட்ட எல்லாம் சொன்னாங்க. ஆகஸ்ட் மாசம் அம்மா செத்துப் போனாங்க. அடக்கம் முடிஞ்ச மறுநாள், நீ பெட்டியைக் கட்டில்ல திறந்து வெச்சு, உன் துணியை எல்லாம் எடுத்து அலமாரில வெச்ச. அப்புறம் என் ஸ்கூல் துணியை அதுக்குள்ள மடிச்சு வெச்ச. நான் கதவுக்குப் பின்னால நின்னேன். அப்பா சமையலறைல உக்காந்து தொப்பியைப் பாத்துக்கிட்டு இருந்தாரு. போன்னும் சொல்லல, இருன்னும் சொல்லல.

அப்புறம் யாரு கேட்டாலும், எனக்குப் படிப்புல நாட்டம் இல்ல, அடுப்படிதான் பிடிக்கும்னு சொல்ல ஆரம்பிச்ச. நல்லா சொன்ன. ஊரே நம்பிச்சு.

இதுல கறுப்பும் வராது, பொம்பளையும் வராது. டெனிஷா எங்க கோடு போடுவா பாக்கலாம். என்னை எழுது. உனக்கு வந்த தடை நான்தான்.

கடைசில கர்த்தரைக் கொண்டு வராத. அவருக்கும் இந்த ஒரு தடவை புரியும்.

ஆர்லிஸ்


மெம்பிஸ்
பிப்ரவரி 2

ஆர்லிஸ் கோல்ஸ்டன்,

என்ன திமிரு இருந்தா இப்படி எழுதுவ? உன்னை நான் என் கஷ்டம்னு எழுதி, அதுல கையெழுத்துப் போட்டு, முத்திரை குத்தி, முகம் தெரியாத ஆளுக்கு அனுப்பணுமா? அம்மா மேல இருந்து பாத்துக்கிட்டு இருக்காங்க. நான் எந்த மூஞ்சியோட அங்க போறது?

எனக்கு அடுப்படி பிடிக்கும். பிடிக்காமலா இத்தனை வருஷம் நின்னேன்? நீ மூணாவது படிக்கறப்ப முன்பல் ரெண்டும் விழுந்து, சோளரொட்டியைப் பால்ல ஊற வெச்சுத் தின்ன. அம்மை போட்டப்ப ராத்திரி எல்லாம் என் கையை விடல. பள்ளிக்கூட நாடகத்துல ஒரே ஒரு வரி பேச வேண்டியதை மறந்துட்டு, மேடைல இருந்து "அக்கா, என்ன வரி"ன்னு கத்தின. அதெல்லாம் கஷ்டமா? அதைப் போயி ஆபீஸ்ல தடைன்னு எழுதினா, அந்தப் பிள்ளை என்ன ஆவான்? கடையைக் காப்பாத்த வளத்த பிள்ளையை வித்த மாதிரி ஆகாதா?

டெனிஷா கிட்ட வாய் தவறிச் சொல்லிட்டேன். அவ பேனாவைக் கீழ வெச்சுட்டா. இதுதான் ஆன்ட்டி, இதேதான், இதை முதல்லயே சொல்லியிருக்கலாமேன்னு என் கையைப் பிடிச்சுக்கிட்டா. அந்தப் பிள்ளை முகத்துல அவ்வளவு சந்தோஷம். எனக்கு அவளை ஓங்கி ஒண்ணு வைக்கலாம்னு இருந்துச்சு.

எழுத மாட்டேன். கடை போனாப் போகட்டும்.

நீ கதவுக்குப் பின்னால நின்னது எனக்குத் தெரியாது. தெரிஞ்சிருந்தா கதவைச் சாத்திட்டு மடிச்சிருப்பேன்.

வெர்னெட்டா


படூகா
பிப்ரவரி 13

அக்கா,

ஆள் மாத்தற நாள்னு கரைக்கு வந்தேன். நீ எழுத மாட்ட, அது எனக்குத் தெரியும். அதனால நானே எழுதி அனுப்பிட்டேன். கம்பெனி ஆபீஸ்ல இருக்கற அந்தப் பொண்ணு நோட்டரியாம், அதுவே முத்திரை போட்டுக் கொடுத்துச்சு. படிச்சுட்டு மூக்கை உறிஞ்சுச்சு.

விலாசத்தை டெனிஷா கிட்ட வாங்கினேன். அவளைத் திட்டாத.

பெருசா ஒண்ணும் எழுதல. என் அக்காவுக்குக் காலேஜ்ல இடம் கிடைச்சிருந்தது, எங்கம்மா செத்ததால என்னை வளக்க நின்னுட்டாங்க, போயிருந்தா இன்னைக்கு அந்தப் பெரிய கம்பெனி கிட்ட அவங்கதான் கணக்கு கேக்கற இடத்துல இருந்திருப்பாங்கன்னு எழுதினேன். அதுல என் சந்தேகம் எதையும் எழுதல. சந்தேகம் நிறைய இருக்கு. நான் உனக்குத் தடையா, பிள்ளையா, தம்பியா, எனக்கே இப்போ சரியாத் தெரியல. ஒண்ணு மட்டும் தெரியும். நான் சண்டை போட்டுட்டுப் போனது அடுப்புக்காக இல்ல. நீ எல்லாத்தையும் விட்டுக் கொடுத்து விட்டுக் கொடுத்து, கடைசில உன் கடையையும் ஒரு கம்பெனிக்கு விட்டுக் கொடுக்கறேன்னு நினைச்சேன். முதல் தடவை நீ விட்டுக் கொடுத்தது எனக்காக. அதைப் பாத்துக்கிட்டு சும்மா நின்னவனால இன்னொரு தடவை பாக்க முடியல, அதான் கத்தினேன். கத்தத் தெரிஞ்ச அளவுக்கு எனக்குப் பேசத் தெரியல.

உன்னைக் கூப்பிட்டுக் கேப்பாங்களாம். உண்மையைச் சொல்லு. வேற ஒண்ணும் வேண்டாம்.

ஆர்லிஸ்


மெம்பிஸ்
மார்ச் 8

தம்பி,

உன்னைத் திட்டி ஒரு கடுதாசி எழுதி வெச்சிருந்தேன். அனுப்பல. அது இந்தப் பேப்பருக்கு மறுபக்கம் இருக்கு, வேணும்னா படிச்சுக்கோ.

கூப்பிட்டாங்க. கம்ப்யூட்டர்ல முகம் பாத்துப் பேசறது. டெனிஷா பக்கத்துல உக்காந்திருந்தா. அந்தப் பக்கம் வயசான அம்மா, மிஸஸ் ஹோல்ட்டுன்னு பேரு, கண்ணாடியை மூக்கு நுனில போட்டுக்கிட்டு. நான் பயந்த மாதிரி இல்ல. என்னை மடக்கணும்னு கேக்கல. அந்தம்மாவுக்கும் இந்தப் புது ரூல்ல என்ன கேக்கணும், என்ன கேக்கக்கூடாதுன்னு குழப்பம்தான். ஒவ்வொரு கேள்விக்கும் முன்னால ஒரு காகிதத்தைப் பாத்துக்கிட்டாங்க. ரெண்டு தடவை பாதிக் கேள்வியில நிறுத்திட்டு, இல்லை, இதை நான் கேக்கக்கூடாதுன்னு அதைக் கோடு போட்டு அடிச்சுட்டாங்க.

உன் கடுதாசி அவங்க முன்னால இருந்துச்சு. கையில எடுத்து வெச்சுக்கிட்டு கேட்டாங்க.

"மிஸ் கோல்ஸ்டன், உங்க தம்பியை வளக்க வேண்டி வராம இருந்திருந்தா, நீங்க காலேஜுக்குப் போயிருப்பீங்களா?"

எனக்கு அடுப்படிதான் பிடிக்கும்னு சொல்ல வாயைத் திறந்தேன். நாப்பது வருஷமா சொல்லிச் சொல்லி வழுவழுன்னு ஆன பதில், தானா வந்திருக்கணும். வரல. அவங்க காத்துக்கிட்டு இருந்தாங்க.

"போயிருப்பேன்"னு சொன்னேன்.

அவ்வளவுதான். ஒரே வார்த்தை. அந்தம்மா எழுதிக்கிட்டாங்க. எனக்குக் கன்னம் எல்லாம் நனைஞ்சு போச்சு, எப்போ அழ ஆரம்பிச்சேன்னே தெரியல. எனக்கு அந்தக் காலேஜ் கட்டடத்தோட படிக்கட்டு எல்லாம் ஞாபகம் இருக்குடா. அவங்க அனுப்பின புத்தகத்துல படம் போட்டிருந்தது. எந்தப் படில உக்காந்து படிப்பேன்னு கூட முடிவு பண்ணி வெச்சிருந்தேன். அதை நான் உன்கிட்ட சொன்னதில்ல, எங்கிட்டயே சொல்லிக்கிட்டதில்ல.

அப்புறம் நான் காத்துக்கிட்டு இருந்தேன். தம்பிக்காக நின்னதுல வருத்தம் இருக்கான்னு அடுத்த கேள்வியை இப்போ கேப்பாங்க, அதுக்குப் பதில் சொல்லிடலாம்னு. கேக்கல. நன்றி சொல்லிட்டு வெச்சுட்டாங்க. இல்ல, இன்னொண்ணு இருக்குன்னு நான் கையைத் தூக்கறதுக்குள்ள திரை கறுப்பாயிடுச்சு. சர்ச்சுல யாரும் அப்படிப் பாதில உக்கார வைக்க மாட்டாங்க.

சர்டிபிகேட் வெள்ளிக்கிழமை வந்துடுச்சு. கடை இருக்கும். டெண்டர்ல என் பேரைப் போட்டாச்சு. பிள்ளைங்க எல்லாம் கைதட்டினாங்க. ட்ரெண்ட் பூங்கொத்து வாங்கிட்டு வந்தான். உங்க தம்பி கதை ரொம்பப் பிரமாதமாம், அதைப் பெருசா அச்சடிச்சு கடைச் சுவர்ல மாட்டினா பயணிங்க நின்னு படிப்பாங்களாம். அவன் நல்ல நேரம், கத்தி மேசையோட கட்டியிருந்துச்சு.

சந்தோஷமா இருக்கணும். இருக்கேனான்னு தெரியல. முதல் கேள்விக்கு நான் சொன்ன பதில் அரசாங்கத்துல பதிவாகி, முத்திரை விழுந்து, என் பேருல எங்கயோ பத்திரமா இருக்கு. ரெண்டாவது கேள்வியை யாருமே கேக்கல. கேட்டிருந்தா என்ன சொல்லியிருப்பேன்னு யாருக்கும் தெரியாது. உனக்கும் தெரியாது. அதுதான் எனக்குத் தாங்கல.

அக்கா


படூகா
மார்ச் 16

அக்கா,

மறுபக்கத்தையும் படிச்சேன். நாயேன்னு ரெண்டு இடத்துல இருக்கு. எனக்கு அது பழைய மாதிரியே இருந்துச்சு.

இருபத்தெட்டாம் தேதி சனிக்கிழமைக்கு அட்லாண்டா போற விமானத்துல ஒரு டிக்கெட் வாங்கியிருக்கேன். அட்லாண்டால எனக்கு யாரும் இல்ல, நான் விமானமும் ஏறப் போறதில்ல. மெம்பிஸ்ல செக்யூரிட்டியைத் தாண்டி உள்ள வர வேற வழி தெரியல. பெல்ட்டைக் கழட்டச் சொல்வாங்களாம், கழட்டறேன். நீலப் பெட்டியையும் கொண்டு வர்றேன். அதை அந்த மெஷினுக்குள்ள விட்டுப் பாக்கட்டும், சட்டையும் சாக்ஸும்தான் இருக்கு. ஒரு தடவையாவது அது ஏர்போர்ட்டைப் பாக்கட்டும். அம்மா அதுக்குத்தானே வாங்கினாங்க.

உன் கடை முன்னால வரிசை இருந்தா வரிசையில நிப்பேன். என் முறை வந்ததும், அந்தம்மா கேக்காம விட்ட கேள்வியை நான் கேக்கறேன். பின்னால ஆள் நின்னாலும் பரவாயில்ல, யோசிச்சுப் பதில் சொல்லு. விமானம் போனாப் போகட்டும்.

பலோனியைத் தடிமனா வெட்டு. முட்டைக்கோஸ் சாலட்டை உள்ள வைக்காத, பக்கத்துல வை.

ஆர்லிஸ்